பக்கத்துப் பக்கத்துப் புறநகர்கள், வேறு வேறு மன்றங்கள்: தொழிலை எங்கே வைப்பது?

கடைக்கோ பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ இடம் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டு புறநகர்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. நடுவில் ஒரு சாலைதான் எல்லை. வாடகை ஏறத்தாழ ஒன்றுதான். வாடிக்கையாளர்கள் இரு பக்கத்திலிருந்தும் வருவார்கள், வேலையாட்களும் ஒரே பேருந்தில்தான் வந்து இறங்குவார்கள். ஆனால் ஒரு பக்கம் புதுக் கட்டடங்களாக எழும்பிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் வரிசையாகப் பூட்டிய கடைகள். எந்தப் பக்கம் போவது?

மண்ணும் மக்களும் ஒன்றாக இருந்தும் தொழில் ஒரு பக்கம் மட்டும் வளர்கிறது என்றால், காரணத்தைப் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்தில்தான் தேட வேண்டும். எந்த மனையில் என்ன கட்டலாம், கடை எத்தனை மணி வரை திறந்திருக்கலாம், வண்டிகள் எங்கே நிற்கலாம், தண்ணீர் இணைப்பு எப்போது கிடைக்கும், சொத்து வரி எவ்வளவு என்பதையெல்லாம் நாட்டின் தலைநகரத்தில் முடிவு செய்வதில்லை. பல நாடுகளில் இவற்றை முடிவு செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து உறுப்பினர்கள் உட்காரும் ஒரு கூடத்தில் இருக்கிறார்கள். அந்தக் கூடம் சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேயர் எவ்வளவு அன்பாக வரவேற்கிறார் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்த மன்றம் எந்த வருமானத்தில் ஓடுகிறது, யாருடைய ஓட்டில் நிற்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டும் உங்கள் தொழிலோடு ஒத்துப்போனால் மெதுவான நிர்வாகத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் இன்று தரும் சலுகை அடுத்த தேர்தலோடு போய்விடும்.

## முதலில் அளவுகோல்கள்

மன்றத்தின் வருமானம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பீட்டின் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. சொத்து கைமாறாத வரை மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. சொத்து வரியில் கை வைக்க முடியாமல் போன நகரங்கள் விற்பனை வரிப் பக்கம் திரும்பின. அங்கே விற்பனை மதிப்பில் 1 சதவீதம் அந்த விற்பனை நடந்த ஊருக்கே போகிறது. விளைவு என்ன? கார் ஷோரூமுக்கும் பெரிய அங்காடிக்கும் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு இடம் கொடுத்தார்கள். ஒரு சிறு தொழிற்சாலை வந்தால் வேலை கிடைக்கும், ஆனால் ஊர்க் கஜானாவுக்கு விற்பனை வரி வராது. அதனால் அந்த அளவுக்கு ஆர்வம் இல்லை. அங்கே யாரும் தொழிற்சாலையை வெறுக்கவில்லை. வருமானம் வரும் வழியைப் பார்த்து மன்றம் நடந்துகொண்டது, அவ்வளவுதான்.

அனுமதி யார் கையில் இருக்கிறது. விதியில் இருப்பதைச் செய்தால் அலுவலரே கையெழுத்துப் போட்டு அனுமதி தரும் ஊர்கள் உண்டு. ஒவ்வொரு விண்ணப்பமும் மன்ற ஓட்டெடுப்புக்குப் போகும் ஊர்களும் உண்டு. இரண்டாவது வகை ஊரில் உங்கள் தொழில் ஒரு அரசியல் பொருளாகிவிடும்.

ஓட்டுப் போடுகிறவர்கள் யார். புறநகரில் பெரும்பாலானோரின் மொத்தச் சேமிப்பும் வீட்டில்தான் இருக்கும். வீட்டு விலையைத் தொடும் எதற்கும் அவர்கள் திரண்டு வருவார்கள் என்பதைப் பொருளியலாளர் வில்லியம் ஃபிஷல் விரிவாக எழுதியிருக்கிறார். உள்ளாட்சித் தேர்தலில் பொதுவாக ஓட்டுப்பதிவு குறைவு. ஆகவே ஒரே ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து கோபப்பட்டாலும் ஒரு உறுப்பினரின் இடம் ஆட்டம் காணும். தொழில் நடத்துகிறவரோ பல சமயம் அந்த ஊர்க்காரராகவே இருக்க மாட்டார். அவருக்கு அங்கே ஓட்டே இருக்காது.

அண்டை மன்றங்களோடு உறவு. சாலை, வடிகால், பேருந்து எல்லாம் எல்லை தாண்டித்தான் ஓடுகின்றன. இரண்டு மன்றங்களும் சண்டையில் இருந்தால் பாதியில் நிற்கும் சாலையின் செலவு உங்கள் தலையில்தான் விடியும்.

விதியின் ஆயுள். இன்று உள்ள விதி உங்கள் முதலீடு திரும்பி வரும் வரை நிற்குமா? ஐந்து ஆண்டில் கைக்கு வரும் முதலீட்டுக்கும் இருபது ஆண்டு பிடிக்கும் முதலீட்டுக்கும் இந்தக் கேள்வியின் பதில் வேறு.

இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு, புறநகர் மன்றங்களில் பொதுவாகக் காணப்படும் நான்கு வகைகளை எடைபோடலாம்.

## வழி 1: சலுகை கொடுத்துக் கூப்பிடும் புறநகர்

வரியைக் குறைப்பேன், நிலத்தை மலிவாகத் தருவேன், சாலை போட்டுத் தருவேன் என்று அழைக்கும் ஊர் இது. கண்ணை முதலில் இழுப்பதும் இதுதான். அதனால் இதை விரிவாகவே பார்க்கலாம்.

இந்தப் போட்டியை வெளிப்படையாகப் பார்க்க ஜெர்மனி நல்ல இடம். அங்கே தொழில் வரியின் அடிப்படை விகிதம் நாடு முழுவதும் ஒன்று: லாபத்தில் 3.5 சதவீதம். அதை எத்தனை மடங்காகப் பெருக்குவது என்பதை ஒவ்வொரு ஊர் மன்றமும் தானே தீர்மானிக்கிறது. மியூனிக் நகரம் 490 சதவீதம், அதாவது 4.9 மடங்கு என்று வைத்திருக்கிறது. அதை ஒட்டியே இருக்கும் க்ரூன்வால்ட் என்ற புறநகர் 240 வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வரிக்குரிய லாபம் 1,00,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 3.5 சதவீதம் 3,500. மியூனிக்கில் கட்ட வேண்டியது 17,150 யூரோ. எல்லையைத் தாண்டி க்ரூன்வால்டில் 8,400 யூரோ. பாதிக்கும் குறைவு.

சரி, உடனே பெட்டியைக் கட்டிவிடலாமா? அதே கணக்கை 10,000 யூரோ லாபம் பார்க்கும் ஒரு சிறு நிறுவனத்துக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சம் ஆண்டுக்கு 875 யூரோதான். வாடகை மாதம் நூறு யூரோ கூடினாலே அந்த மிச்சம் காணாமல் போகும். வரிச் சலுகையின் முழுப் பலனும் லாபம் அதிகமாகவும், இடம் மாற்றுவது எளிதாகவும் உள்ளவர்களுக்குத்தான்: உரிமங்களை வைத்திருக்கும் நிறுவனம், முதலீட்டு நிறுவனம், பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்யும் ஆலோசனை அலுவலகம். பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிட்டு வேலையை வேறு ஊரில் நடத்துகிறார்கள் என்ற புகார் இப்படிப்பட்ட ஊர்களில் எழுவதற்கும் காரணம் அதுவே. வாடிக்கையாளர் நடந்து வந்து வாங்கும் கடைக்கு இதில் பெரிய ஆதாயம் இல்லை.

ஒரு ஊர் குறைத்தால் அடுத்த ஊரும் குறைக்கும். ரைன் நதிக்கரையில் உள்ள மோன்ஹைம் 2012இல் தன் பெருக்கு விகிதத்தை 435இலிருந்து 300க்கு இறக்கியது, பிறகு 250 வரை போனது. நிறுவனங்கள் வந்தன, நகரத்தின் கடன் தீர்ந்தது. பக்கத்தில் இருக்கும் லெவர்குசன் பொறுத்துப் பார்த்துவிட்டு 2020இல் 475இலிருந்து ஒரே அடியாக 250க்கு இறக்கியது. 2024இல் அதன் தொழில் வரி வருவாய் எதிர்பார்த்ததைவிட வெகுவாகச் சரிந்தபோது செலவுகளையே முடக்க வேண்டிவந்தது. சில பெரிய நிறுவனங்களின் லாபத்தை நம்பி ஓடும் மன்றத்துக்கு, அந்த நிறுவனங்களுக்கு ஒரு மோசமான ஆண்டு வந்தால் போதும். விகிதத்தை மறுபடி ஏற்றுவது, கட்டணங்களைக் கூட்டுவது, சாலை வேலையைத் தள்ளிப்போடுவது என்று ஏதாவது ஒன்றை அது செய்தாக வேண்டும். உங்கள் ஐந்தாண்டுக் கணக்கில் அதற்கும் ஒரு இடம் ஒதுக்கி வையுங்கள்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி இன்னொரு பாடம். பெருநகரம் ஒன்றுதான், ஆனால் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. மிசூரிப் பக்கம் ஒரு மாநகரம், கான்சாஸ் பக்கம் லீவுட், ஓவர்லாண்ட் பார்க் போன்ற புறநகர்கள். மாநிலங்களும் நகரங்களும் போட்டி போட்டுச் சலுகை கொடுக்க, 2011இல் ஏஎம்சி திரையரங்கு நிறுவனம் தன் தலைமையகத்தை மிசூரியிலிருந்து லீவுடுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆப்பிள்பீஸ் உணவகத் தலைமையகம் எதிர்த் திசையில், கான்சாஸிலிருந்து மிசூரிக்குப் போனது. 2015இல் அங்கிருந்தும் கிளம்பிக் கலிபோர்னியாவுக்கே போவதாக அறிவித்துவிட்டது. ஊழியர்களின் வீடு அதே இடத்தில், வேலை மட்டும் சில மைல் தள்ளி. மொத்த வட்டாரத்துக்கும் புதிதாக ஒன்றும் சேரவில்லை. 2011இலேயே உள்ளூர் தொழிலதிபர்கள் சேர்ந்து இரண்டு ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதி இதை நிறுத்தச் சொன்னார்கள். 2019இல்தான் மிசூரி சட்டம் இயற்றி, கான்சாஸ் ஆளுநரும் ஆணை பிறப்பித்து, ஒரு சமாதானம் ஏற்பட்டது. 2024இல் விளையாட்டு அரங்குகளை இழுக்கக் கான்சாஸ் புதிய சலுகைச் சட்டம் கொண்டுவந்தபோது போட்டி மறுபடி தலைதூக்கியது.

இதில் ஒரு சிறு தொழிலுக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. சலுகை பெரும்பாலும் இடம் மாறி வரும் பெரிய நிறுவனத்துக்குத்தான். ஏற்கெனவே அந்த ஊரில் இருபது ஆண்டாக வரி கட்டிக்கொண்டிருப்பவருக்குக் கிடைப்பதில்லை. அந்தச் சலுகையால் குறையும் வருவாயை ஈடுகட்டும் சுமையில் அவருக்கும் பங்கு உண்டு. எனக்கு இது நியாயமாகவே படவில்லை. மன்றங்களோடு பேசும்போது வெட்கப்படாமல் இதைக் கேட்க வேண்டும்: "வந்த பிறகு பத்தாவது ஆண்டில் எனக்கு என்ன தருவீர்கள்?"

பெரிய ஒன்றை நம்பிப் பக்கத்தில் கடை போடுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்ற சிறிய உள்ளாட்சி, 2017இல் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைக்காகக் கடன் வாங்கி நிலம் வாங்கியது, வீடுகளை எடுத்து இடித்தது, சாலையும் குழாயும் போட்டது. அன்றைய வாக்குறுதி 13,000 வேலைகள், 1,000 கோடி டாலர் முதலீடு. 2021இல் திருத்திய ஒப்பந்தத்தில் அது 1,454 வேலைகள், 67.2 கோடி டாலர் என்று சுருங்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அங்கே நிலம் வாங்கித் தரவு மையம் கட்ட வந்தது உண்மைதான். ஆனால் 13,000 தொழிலாளர்களை நம்பி ஒருவர் இடம் பிடித்திருந்தால், தரவு மையம் அவருக்கு வாடிக்கையாளர் கூட்டத்தைத் தராது.

யாருக்குப் பொருந்தும்: லாப விகிதம் அதிகம், இடத்தோடு கட்டுண்டு கிடக்காத தொழில், சலுகை முடிந்தால் நகர்ந்துவிடும் திட்டத்தோடு வருகிறவர்.

மறைமுகச் செலவு: வாக்குறுதி தவறினால் சலுகையைத் திருப்பித் தரச் சொல்லும் விதி, ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு அறிக்கை, கணக்காளர் கட்டணம், எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தால் எல்லோர் முன்னும் உங்கள் பெயர் அடிபடுவது.

## வழி 2: விதி மாறாத, நிதானமான பழைய புறநகர்

இங்கே யாரும் மாலை போட்டு வரவேற்க மாட்டார்கள். வரி குறைவாக இருக்காது. ஆனால் பத்து ஆண்டுக்கு முன் என்ன விதியோ அதுவே இன்றும் இருக்கும்.

டொராண்டோவை ஒட்டிய மிசிசாகா இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஹேசல் மெக்காலியன் அங்கே 1978 முதல் 2014 வரை, 36 ஆண்டுகள் மேயராக இருந்தார். புதிய கட்டடம் கட்டுகிறவர்களிடம் வளர்ச்சிக் கட்டணம் வாங்கி, அதைக்கொண்டே சாலையும் வடிகாலும் போட்டு, கடன் வாங்காமல் நகரத்தை ஓட்டினார்கள். வருமான வழி தெளிவாக இருந்ததால் மன்றம் வளர்ச்சியை விரும்பியது. ஒரே தலைமை நீடித்ததால் தொழில்கள் நம்பி வந்தன. ஆனால் காலி நிலம் தீர்ந்துபோனதும் கட்டணமும் வற்றியது. 2013இல் நகரம் கடன் வாங்கத் தொடங்கியது. அரசியல் நிலையாக இருந்தாலும் வருமானத்தின் ஊற்று மாறினால் மன்றத்தின் போக்கும் மாறும் என்பதை இதில் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இடம் பார்க்கும்போது இன்னும் எத்தனை மனை காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். வளர்ச்சிக் கட்டணம் நின்றால் அடுத்துக் கை வைப்பது சொத்து வரியில்தான்.

நிதானமான ஊரின் பெரிய குறை தாமதம். அதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். மரச்சாமான் பட்டறை ஒன்று, காலை ஏழுக்குப் பதில் ஆறு மணிக்கே லாரி வர அனுமதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது பதினோராவது பொருள். இரண்டு பேர் எழுந்து சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வார்டு உறுப்பினர், அக்கம்பக்கத்தாரைக் கலந்து பேச அவகாசம் வேண்டும் என்கிறார். ஒத்திவைப்பு. அடுத்த கூட்டத்துக்கு அந்த உறுப்பினர் வரவில்லை, மறுபடி ஒத்திவைப்பு. மூன்றாவது கூட்டத்தில் போக்குவரத்து அறிக்கை கேட்கிறார்கள். அதற்கு ஆலோசகரைப் பிடித்துக் கட்டணம் கட்ட வேண்டும். நான்காவது மாதம் அனுமதி கிடைக்கிறது, ஆனால் ஆறரை மணிக்குத்தான். யாரும் மறுக்கவில்லை, யாரும் கை நீட்டவில்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த நான்கு மாத வாடகையும் கைவிட்டுப் போன ஒப்பந்தமும் எந்த வரி அட்டவணையிலும் வராது.

அதே சமயம், இந்தத் தாமதமே ஒரு பாதுகாப்பும்கூட. உங்களை நான்கு மாதம் காக்க வைத்த மன்றம், உங்கள் பின்வாசலில் நாளைக்கே குப்பை மாற்று நிலையம் கட்டவும் அனுமதி தராது. பெரிய இயந்திரங்களைப் பதித்து இருபது ஆண்டு ஓட்டப்போகிறவர்களுக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன்.

யாருக்குப் பொருந்தும்: இயந்திரம், கட்டடம் என்று நிலத்தில் பணத்தைப் புதைக்கும் தொழில்கள், மருத்துவமனை, பள்ளி, பெரிய பட்டறை.

மறைமுகச் செலவு: காத்திருக்கும் மாதங்களின் வாடகை, ஆலோசகர் கட்டணம், விரிவாக்கம் வேண்டும்போது மறுபடி அதே வரிசையில் நிற்பது.

## வழி 3: புதிதாகத் தனி நகராட்சியான புறநகர்

அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் சாண்டி ஸ்பிரிங்ஸ் மக்கள், தாங்கள் கட்டும் வரி மாவட்டத்தின் மற்ற பகுதிகளுக்குப் போகிறது, தங்கள் நிலத்தின் கட்டட அனுமதியை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள் என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போராடினார்கள். 2005 டிசம்பரில் தனி நகராட்சி ஆனது. காவல், தீயணைப்பு தவிர ஏறக்குறைய எல்லாச் சேவைகளையும் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் விட்டார்கள். பக்கத்து ஊர்களும் அதே வழியில் வரிசையாகத் தனி நகராட்சி ஆயின: 2006இல் ஜான்ஸ் கிரீக், மில்டன், 2008இல் டன்வுடி.

இப்படிப்பட்ட ஊரின் முதல் சில ஆண்டுகள் தொழிலுக்கு நல்ல காலம். "நாங்கள் தனியாக வந்தது சரிதான்" என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் மன்றத்துக்கு இருக்கும். தொலைபேசியை உடனே எடுப்பார்கள், கோப்பு வேகமாக நகரும்.

ஆனால் விதிப்புத்தகம் இன்னும் காயவில்லை. சாண்டி ஸ்பிரிங்ஸ் 2017இல் தன் கட்டட வளர்ச்சி விதிகளை முழுதாக மாற்றி எழுதியது. 2019இல் தனியார் ஒப்பந்தத்தைவிட நேரடி ஊழியர்களே மலிவு என்று கணக்குப் போட்டு, ஐந்து ஆண்டில் 1.4 கோடி டாலர் மிச்சமாகும் என்று சொல்லி, பெரும்பாலான சேவைகளைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. அது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கோப்பைக் கையாண்ட அலுவலர், படிவம், நடைமுறை எல்லாம் பதினைந்து ஆண்டுக்குள் ஒருமுறை தலைகீழாகிறது என்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த ஊர் எதற்காகத் தனியே பிரிந்தது? கட்டட வளர்ச்சியைத் தடுக்கவா, வரவேற்கவா? வீட்டுக்காரர்கள் தங்கள் தெருக்களின் அமைதியைக் காக்கப் பிரிந்த ஊரில் அலுவலகக் கோபுரம் கட்டப் போவது வீண். பிரிவினைப் பிரசாரத்தின்போது என்ன பேசினார்கள் என்று பழைய செய்திகளைப் படித்தாலே இது தெரிந்துவிடும்.

யாருக்குப் பொருந்தும்: விரைவாகத் தொடங்கி விரைவாக வளர வேண்டிய சேவைத் தொழில்கள், நகராட்சிக்கே பொருளோ சேவையோ விற்கிறவர்கள்.

மறைமுகச் செலவு: விதி மாற்றம், புதுக் கட்டணங்கள், தண்ணீர்க் குழாய் இன்னும் பழைய மாவட்டத்தின் கையிலேயே இருப்பதால் இரண்டு அலுவலகங்களுக்கு நடப்பது.

## வழி 4: பெருநகரத்தோடு இணைந்த புறநகர்

எல்லையே வேண்டாம் என்று புறநகர்களைப் பெருநகரத்தோடு சேர்த்துவிடுவதும் உண்டு. ஒன்டாரியோ மாகாண அரசு 1998இல் டொராண்டோவையும் எடோபிகோ, நார்த் யார்க், ஸ்கார்பரோ, யார்க், ஈஸ்ட் யார்க் ஆகியவற்றையும் ஒரே நகரமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த ஊர்களில் நடந்த வாக்கெடுப்புகளில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள்.

இணைப்பால் கிடைப்பது ஒரே உரிமம், ஒரே விதி, பெரிய பேருந்து ரயில் வலை. இழப்பது, உங்கள் தெருவின் பெயர் தெரிந்த மன்றம். சில லட்சம் பேரின் கவலைகளைக் கேட்ட கூடத்துக்குப் பதிலாக இருபத்தைந்து லட்சம் பேரின் கூடம். அப்புறம் வரி: டொராண்டோவில் வணிகச் சொத்துக்கான வரி விகிதம் வீடுகளுக்கானதைப் போல் பல மடங்கு இருந்தது, சுற்றியுள்ள புறநகர்களில் குறைவு. அலுவலகங்கள் மிசிசாகா, மார்க்கம் என்று வெளியே நகர்ந்தன. அதைத் தடுக்க 2005இல் அந்த விகிதத்தைப் படிப்படியாக வீட்டு விகிதத்தின் 2.5 மடங்குக்கு இறக்க நகர மன்றம் திட்டம் போட்டது. வீட்டுக்காரர்களுக்கு ஓட்டு அதிகம், கடைக்காரர்களுக்கு ஓட்டு குறைவு. அதனால் சுமை வணிகர் பக்கம் சாய்வது பெருநகரங்களில் பொதுவான போக்கு, அதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

மேல்மட்ட அரசின் கையும் இங்கே நீளமாக இருக்கும். 2018இல் டொராண்டோ மன்றத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே மாகாண அரசு வார்டுகளை 25 ஆக வெட்டியது. அதற்கு முந்தைய மன்றத்தில் 44 உறுப்பினர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் மாகாணத்தின் பக்கமே தீர்ப்பானது. பத்தாண்டாகப் பழகி வைத்திருந்த கவுன்சிலர் ஒரே கோடையில் இல்லாமல் போகலாம்.

யாருக்குப் பொருந்தும்: பல கிளைகள் வைத்து நடத்துகிறவர்கள், ரயிலில் வரும் ஊழியர்களை நம்பும் அலுவலகங்கள்.

மறைமுகச் செலவு: கூடிய வணிக வரி, உள்ளூர்க் குறைக்குக் காது கொடுக்க ஆள் இல்லாமை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சலுகைப் புறநகர் | நிதானமான புறநகர் | புதிய நகராட்சி | இணைந்த புறநகர் |
|---|---|---|---|---|
| மன்ற வருமானம் | சில பெரிய நிறுவனங்களை நம்பி | பரவலாக, ஆனால் காலி நிலம் உள்ளவரை | இன்னும் உருவாகிவருகிறது | பரவலாக |
| அனுமதி வேகம் | பெரியவர்களுக்கு வேகம் | மெதுவு | தொடக்கத்தில் வேகம் | துறைக்குத் துறை மாறும் |
| வரி | குறைவு, ஏறக்கூடும் | நடுத்தரம், நிலையானது | சொல்ல முடியாது | வணிகத்துக்குக் கூடுதல் |
| விதியின் ஆயுள் | அடுத்த தேர்தல் வரை | நீண்டது | குறுகியது | நீண்டது, மேல்மட்ட அரசு தலையிடாதவரை |
| அண்டையோடு | போட்டி | ஒத்துழைப்பு | உரசல் | எல்லைச் சிக்கல் குறைவு |

அட்டவணையின் கடைசி வரிசையைச் சாதாரணமாக விட்டுவிட வேண்டாம். மினசோட்டாவில் மினியாபோலிஸ், செயின்ட் பால் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில் 1971 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: எந்த ஊரில் வணிக, தொழில் சொத்தின் வரி அடிப்படை வளர்ந்தாலும், அந்த வளர்ச்சியில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போய் எல்லா ஊர்களுக்கும் பங்காகப் பிரியும். பக்கத்து ஊருக்குக் கடை போனாலும் நம் ஊருக்கும் கொஞ்சம் வரும் என்பதால், ஒருவர் காலை ஒருவர் வாரும் வேகம் குறைகிறது. நீங்கள் தேடும் வட்டாரத்தில் இப்படி வருவாய்ப் பகிர்வு ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், எந்தப் பக்கம் போனாலும் பெரிய ஆபத்து இல்லை. வாடகையையும் வாடிக்கையாளரையும் பார்த்தே முடிவெடுக்கலாம்.

## முடிவெடுக்கும் முன் கையில் எடுக்க வேண்டிய காகிதங்கள்

இரண்டு மன்றங்களின் பட்ஜெட்டையும் எடுத்து, வருமானப் பக்கத்தை மட்டும் முதலில் படியுங்கள். மேலே இருக்கும் முதல் மூன்று வரவுகளில் உங்கள் தொழில் எதற்காவது தீனி போடுகிறதா என்று பாருங்கள். கடை வைக்கிறீர்கள், மன்றம் விற்பனை வரியில் ஓடுகிறது என்றால் நல்லது. பட்டறை வைக்கிறீர்கள், மன்றம் முழுக்க வீட்டு வரியில் ஓடுகிறது என்றால் உங்கள் பேச்சு அங்கே பின் வரிசையில்தான் கேட்கும்.

அடுத்தது கூட்டக் குறிப்புகள். கடந்த ஓராண்டுக் குறிப்புகளில் உங்களைப் போன்ற தொழில்களின் விண்ணப்பங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை ஒத்திவைக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் எதிர்த்துப் பேசினார்கள், அந்த வார்டின் உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதும் அதிலேயே இருக்கும். முடிந்தால் ஒரு கூட்டத்துக்கு நேரில் போய் உட்காருங்கள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் திரும்பத் திரும்ப எழுந்து நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். நாளைக்கு உங்கள் கோப்பைப் பற்றிப் பேசப்போவதும் அவர்கள்தான்.

அப்புறம், அந்த ஊரிலிருந்து சமீபத்தில் கடையைக் காலி செய்தவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். நன்றாக ஓடும் கடைக்காரர் சொல்வதைவிட இவர் சொல்வதில் விவரம் அதிகம் இருக்கும். வியாபாரம் சரியில்லாமல் போனாரா, அனுமதிக்குக் காத்தே ஓய்ந்துபோனாரா என்பது உங்களுக்கு வேண்டிய தகவல்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டும் சமமாகத் தோன்றினால், நான் நிதானமான ஊரையே தேர்வேன். வரி கொஞ்சம் கூடினால் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் விதி மாறினால் அதைச் சேர்த்துக்கொள்ள எந்த விலையிலும் இடம் இருக்காது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. முதலீடு சிறியது, இரண்டு மூன்று ஆண்டில் போட்டதை எடுத்துவிட முடியும் என்றால் சலுகை ஊரோ புதிய நகராட்சியோ துணிந்து போகலாம்.

எந்த ஊரானாலும் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அடுத்த மன்றத் தேர்தலின் தேதியைப் பாருங்கள். புதிய மன்றம் பதவியேற்று அதன் முதல் பட்ஜெட் வெளிவரும் மாதம் வரை முதல் குத்தகைக் காலத்தை வைத்துக்கொண்டு, அதன் பிறகு நீட்டிக்கும் உரிமை உங்கள் கையில் இருக்குமாறு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அனுமதி கிடைக்கும் வரை வாடகை பாதி என்ற இன்னொரு வரியையும் கேட்டுப் பாருங்கள். இடம் நெடுநாள் காலியாகக் கிடக்கும் பக்கத்தில் உரிமையாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.